காணாமல் போன எட்டு நொடி

அவளுக்கு அப்பாவும் அம்மாவும் ஆசையாக வைத்த பேர் ஒன்று உண்டு. அது பள்ளிச் சான்றிதழிலும் வங்கிப் புத்தகத்திலும் பத்திரமாக இருக்கிறது. கூப்பிடுவதற்கென்று ஒட்டிக்கொண்ட பேர் 'கடிகாரம்'. வைத்தவர் அவளுடைய சித்தப்பா, அதாவது அம்மாவின் தங்கை வீட்டுக்காரர்.

அம்மா தையல்காரி. முன்னறையில் இரண்டு தையல் மிஷின், அவற்றுக்கு நடுவில் தொட்டில். மிஷின் ஓடும்வரை பிள்ளை தூங்கும், நின்றால் வீறிட்டு அழும். ஐந்து வயதில், அடுக்களையில் சாப்பிட்டுக்கொண்டே, "அம்மா, சுவரோரத்து மிஷின் நொண்டுது" என்று கத்துவாள். அம்மா குனிந்து பார்த்தால் பெல்ட் தளர்ந்திருக்கும். ஒருநாள் சாப்பிட வந்திருந்த சித்தப்பா கை கழுவுவதை நிறுத்திவிட்டு, "இது பிள்ளை இல்ல, கடிகாரம். சாவி மட்டும் ஒழுங்கா கொடுத்துட்டு வாங்க" என்றார். சித்தப்பா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. மிஷின்களும் கைமாறிவிட்டன. பேர் மட்டும் நாற்பத்திரண்டு வயதாகியும் அவளை விடவில்லை.

அவளுக்கு ஐந்து வயது மூத்தவள் அக்கா. ஒரே வயிற்றில் பிறந்தவர்களா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு வேறு மாதிரி. அக்காவுக்கும் நேரத்துக்கும் ஆகவே ஆகாது. தலை பின்ன உட்கார்ந்தால் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். பாட்டிலும் அப்படித்தான். மனசுக்குப் பிடித்த இடத்தில் நின்றுவிடுவாள், பிடிக்காத இடத்தில் ஓடிவிடுவாள். ஆனால் குரல் என்றால் அப்படி ஒரு குரல். வாயைத் திறந்தால் அம்மா மிஷினை நிறுத்துவாள். தொட்டில் பிள்ளைக்காகக்கூட நிறுத்தாத மிஷின் அது.

அக்காவுக்குப் பதினாறு, இவளுக்குப் பதினொன்று இருக்கும்போது ஒரு பாட்டுப் போட்டி நடந்தது. அம்மா பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள் கடிகாரம். நடுப்பாட்டில் அக்கா ஒரு வரியை முடித்துவிட்டு அடுத்த வரியை எடுக்காமல் நின்றாள். வேண்டுமென்றேதான் நின்றாள். அரங்கத்தில் ஒரு இருமல் இல்லை. தங்கைக்குப் பொறுக்கவில்லை. அக்காவுக்குத் தாளம் விட்டுப்போயிற்று என்று பதறி, இரண்டு கையையும் தூக்கிச் சத்தமாகத் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. முதல் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கடைசி வரிசை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அக்கா பாட்டை முடிக்காமல் மேடையை விட்டு இறங்கினாள்.

வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஏன்டி தட்டினாய் என்று அக்காவும் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருக்கலாம்.

அதற்குப் பிறகு அக்கா தனியாக எந்த மேடையும் ஏறவில்லை. பலர் சேர்ந்து பாடுகிற இடங்களில் மூன்றாவது குரலாகவும் நாலாவது குரலாகவும் இருபத்தைந்து வருஷம் நின்றாள். ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொண்டாள். தங்கையோடு நல்லது கெட்டது எல்லாம் பேசுவாள். தாளத்தைப் பற்றி மட்டும் பேசமாட்டாள்.

கடிகாரம் ஒலிப்பதிவு வேலைக்கு வந்தது உறவு வழியாகத்தான். ஸ்டுடியோக்காரர் அவள் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அக்காவின் மகன். அண்ணன் முறை. டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் அவருடைய ஸ்டுடியோ. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் தொலைபேசி எடுக்க ஆள் தேடினார், இவள் வந்து உட்கார்ந்தாள். மூன்றாம் மாதம், கதவு இடுக்கு வழியாகக் கேட்ட ஒரு பாட்டுக்கு, "அண்ணே, ரெண்டாவது சரணத்துல தபேலா கொஞ்சம் முந்துது" என்றாள். உள்ளே நாலு பேர் அரை நாளாக அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் தொலைபேசிக்கு வேறு ஆள் வந்தது, இவளுக்குக் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி கிடைத்தது.

அவள் வேலை இதுதான். யாரோ ஒருவர் தாளக்கட்டு எதுவும் இல்லாமல் மனம்போனபடி பாடிவிட்டுப் போய்விடுவார். பிற்பாடு அந்தக் குரலோடு வயலினோ தபேலாவோ சேர வேண்டும். வாசிக்கிறவர்கள் காதில் டிக் டிக் என்று ஒரு ஓசை போக வேண்டும், அந்த டிக் பாடியவரின் போக்கிலேயே போக வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் குரல் மலைத்தொடர் மாதிரி ஓடும். அதன்மேல் சம இடைவெளியில் கோடுகள் நிற்கும், ஒரு தாள வட்டத்துக்கு ஒரு கோடு. மனுஷக் குரல் சம இடைவெளியில் ஓடாதே. ஆகையால் பாட்டைக் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு கோட்டையும் குரல் உண்மையில் அடி வைத்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். எல்லாக் கோடும் நின்று முடித்தால் அதற்கு டெம்போ மேப் என்று பேர். வேலைக்கு ஒரே ஒரு சட்டம். கோடு நகரலாம், குரல் அசையக் கூடாது.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. எந்தப் பதிவையும் தொடுவதற்கு முன்னால் அதன் நீளத்தைத் தன் டைரியில் பென்சிலால் குறித்துவிடுவாள். பத்தொன்பது டைரிகள் அலமாரியில் வரிசையாக நிற்கின்றன.

அந்த வருஷம் அக்காவின் தொண்டையில் ஒரு கட்டி என்றார்கள். எடுத்தே ஆக வேண்டும், எடுத்தால் பேச்சு வரும், பாட்டை மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர். அக்கா அழவில்லை. நேராகத் தங்கை வீட்டுக்கு வந்தாள்.

"நானே மெட்டுப் போட்ட பாட்டு ஒண்ணு இருக்குடி. ஒரே ஒரு தடவை, தனியா, என் பேர்ல பாடி வச்சுடறேன்."

"தாராளமா வாக்கா."

"ஆனா காதுல அந்த டிக் டிக் எல்லாம் வேண்டாம். அது கேட்டா எனக்குத் தொண்டை அடைக்கும்."

தங்கை தலையைக் குனிந்துகொண்டு சரி என்றாள்.

அறுவைக்கு நாலு நாள் முன்னால், ஒரு காலையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அக்கா பாடினாள். ஒரே தடவைதான். இரண்டாம் தடவைக்குத் தொண்டை இடம் கொடுக்கவில்லை. கடிகாரம் டைரியில் எழுதினாள்: நாலு நிமிஷம் பதினோரு நொடி.

அறுவை முடிந்து வருகிற ஒரு வெள்ளிக்கிழமைக்கு எல்லாம் ஏற்பாடானது. ஐந்து வயலின்காரர்கள், ஒரு தபேலாக்காரர். காலை பத்து மணிக்கு வருவார்கள், ஒரு மணிக்குக் கூடத்தை வேறு ஆட்களுக்கு விட்டுவிட வேண்டும். அந்த ஆறு பேரையும் இன்னொரு நாள் ஒன்றாகப் பிடிப்பது நடவாத காரியம். வயலின்களுக்குத் தலைமை தாங்கும் அம்மாள் மறுநாள் ஒரு வருஷத்துக்கு வெளிநாடு போகிறார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே வந்து கடிகாரம் வேலையில் உட்கார்ந்தாள். அவள் வழக்கப்படி கண்ணைப் பாதி மூடி, காதை மட்டும் நம்பி, அடி விழுகிற இடத்தில் ஒரு பட்டனைத் தட்டுவாள். தட்டினால் கோடும் குரலும் ஒன்றோடொன்று ஒட்டும். வேலை அன்றைக்கு வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. எழுபத்து மூன்று கோடுகள். டிக் ஓசை சுவர்க் கடிகாரம் மாதிரி சீராக விழ, அக்காவின் குரல் அதன்மேல் அச்சாக உட்கார்ந்தது.

'அக்கா இவ்வளவு நேராவா பாடியிருக்கா' என்று அவளுக்கே ஆச்சரியம். நெஞ்சுக்குள் ஒரு பெருமை. உள்ளே எங்கேயோ ஒரு நிம்மதியும் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு அக்கா தாளத்துக்குள் வந்துவிட்டாள் அல்லவா.

எட்டரை மணிக்கு அக்காவும் அத்தானும் வந்தார்கள். அக்கா கழுத்தில் துணி சுற்றியிருந்தாள். ஆறு வாரத்துக்கு மூச்சுவிடுவதைத் தவிரத் தொண்டைக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. கையில் ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும்.

"இருபத்தி ரெண்டு வருஷத்துல இப்பதான் வீட்ல நான் பேசறேன்" என்றார் அத்தான், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. அக்கா பலகையாலேயே அவர் தோளில் ஒன்று வைத்தாள்.

"கேளுக்கா. கோடு எல்லாம் முடிஞ்சுபோச்சு. கண்ணாடி மாதிரி வந்திருக்கு."

பாட்டு ஓடியது. அத்தான் முதல் வரியிலேயே தலையாட்ட ஆரம்பித்தார். அக்கா ஆட்டவில்லை. இரண்டாவது சரணத்தில் அவள் புருவம் சுருங்கியது. மூன்றாவதில் கை கழுத்துத் துணிக்குப் போயிற்று. பாட்டு முடிந்ததும் பலகையில் மெதுவாக எழுதித் திருப்பினாள்.

மூச்சு எங்க?

"எந்த மூச்சுக்கா?"

அக்கா அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். மூணாவது சரணத்துக்கு முன்னாடி. நான் நின்னேன். மூச்சு எடுத்தேன். அது எங்க?

கடிகாரம் மேஜைமேல் இருந்த டைரியை இழுத்துப் பிரித்தாள். நாலு நிமிஷம் பதினொன்று. திரையைப் பார்த்தாள். நாலு நிமிஷம் மூன்று.

எட்டு நொடியைக் காணோம்.

காரணம் தெரிய அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் தட்டுகிற அந்தப் பட்டனுக்கு இரண்டு குணம். ஒரு பக்கம் திருப்பி வைத்தால் கோடு நகர்ந்து குரலிடம் வரும். மறுபக்கம் வைத்தால் குரல் நகர்ந்து கோட்டிடம் வரும். எப்படி இருந்தாலும் முடிவில் இரண்டும் ஒட்டித்தான் நிற்கும். முந்தின நாள் சாயங்காலம் ஸ்டுடியோக்காரர், பின்பாதியைக் கொஞ்சம் வேகமாக்கினால் எப்படியிருக்கும், சும்மா கேட்டுப் பார்க்கலாம் என்றார். அதற்காக மறுபக்கம் திருப்பினாள். கேட்டுவிட்டு வேண்டாம் என்று பழையபடி ஆக்கினாள். பட்டனை மட்டும் திருப்பி வைக்கவில்லை. காலையில் ஒன்றரை மணி நேரம், கோட்டை நகர்த்துவதாக நினைத்துக்கொண்டு, அக்காவின் குரலைப் பிடித்துப் பிடித்து இழுத்து வரிசையில் நிறுத்தியிருக்கிறாள். தைக்கிற துணியோடு மடியில் கிடக்கிற பாவாடையையும் சேர்த்துத் தைத்துவிட்டு, தையல் நேராக வந்திருக்கிறது என்று மெச்சிக்கொள்வதில்லையா, அப்படி. நின்ற இடத்தை எல்லாம் சுருக்கி, இழைத்த இடத்தை எல்லாம் வெட்டி, நீண்ட மூச்சைக் கசக்கி, எல்லாமாகச் சேர்த்து எட்டு நொடி.

அக்காவிடம் எப்படிச் சொல்வது? சொன்னாள். ஒளிக்காமல்தான் சொன்னாள். அக்கா கேட்டுவிட்டு எழுதினாள்.

அன்னைக்கு மாதிரியா?

முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்வி. அத்தானுக்கு ஒன்றும் புரியவில்லை, இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

கடிகாரம் திரைக்குத் திரும்பினாள். நல்ல வேளை, அக்கா பாடிய மூலப் பதிவு பெட்டிக்குள் அப்படியே இருந்தது. பட்டனைத் திருப்பினாள், இழுத்தது அத்தனையும் கழன்றது, நீளம் நாலு நிமிஷம் பதினொன்றுக்கு வந்தது. ஆனால் கோடுகள்? எல்லாம் சிப்பாய்கள் மாதிரி சம இடைவெளியில் நின்றன. குரல் எட்டாவது வட்டத்திலேயே அவற்றை விட்டு விலகி நடந்தது. செய்த வேலை அத்தனையும் வீண். மணி எட்டு ஐம்பது.

கதவைத் திறந்துகொண்டு ஸ்டுடியோக்காரர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். முதலில் இழுத்து வைத்ததைக் கேட்டார், பிறகு நிஜத்தைக் கேட்டார்.

"ஏம்மா, சொன்னா கோவிச்சுக்காத. இழுத்ததுதான் நல்லா இருக்கு."

"அண்ணே..."

"கேக்கறவன் என்ன ஸ்டாப் வாட்ச் வச்சுக்கிட்டா உக்காரப் போறான்? எட்டு செகண்ட்தானே. பத்து மணிக்கு ஆறு பேர் வந்து நிப்பாங்க. இந்த நிஜக் குரலை வச்சுக்கிட்டு எப்படி வாசிப்பாங்க? எழுபத்தி மூணு கோட்டை ஒரு மணி நேரத்துல நீ மறுபடி போட முடியுமா?"

அத்தானும் சேர்ந்துகொண்டார். "அண்ணன் சொல்றதும் சரிதான். லிஃப்ட்டுன்னா தரைக்குச் சமமா நிக்கணும்மா. ஒரு விரக்கடை தூக்கி நின்னாலும் ஆள் தடுக்கி விழுவான்."

அக்கா பேனாவை மூடி மடியில் வைத்துவிட்டாள். அதுதான் கடிகாரத்துக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு மேடையை விட்டு இறங்கி வந்தபோதும் அக்கா இப்படித்தான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நிஜத்தைச் சொன்னால், கடிகாரத்தின் காதுக்கும் அந்த நேரான பாட்டுதான் இனித்தது. அவள் பிறவிக் குணம் அது. ஆனாலும் அக்கா இனி ஒரு தடவை பாடப்போவதில்லை. உலகத்தில் இருப்பது இந்த நாலு நிமிஷம் பதினொன்றுதான்.

"அத்தான், லிஃப்ட் கணக்கை எங்க அக்கா பாட்டுல ஏத்தாதீங்க. அண்ணே, எனக்குப் பத்து மணி வரைக்கும் நேரம் வேணும். யாரும் பேசக் கூடாது. ரெண்டு பேரும் வெளிய போங்க." அவர்கள் நகரும்வரை பார்த்துவிட்டு, "அக்கா, நீ இங்க வா. என் பக்கத்துல உக்காரு" என்றாள்.

ஒரு கோட்டுக்கு ஒரு நிமிஷம் என்றாலும் எழுபத்து மூன்று நிமிஷம். கையில் இருப்பது அதைவிடக் குறைவு. ஒவ்வொன்றையும் தேடிக்கொண்டிருந்தால் ஆகாது. அக்காவின் வலது கையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"நீ பாடினது உனக்குத்தான் தெரியும். வட்டம் தொடங்கற இடத்துல எல்லாம் மேஜையைத் தட்டு. நான் உன் கையைப் பாத்துக் கோடு போடறேன். நான் எதையும் இழுக்க மாட்டேன், சத்தியம்."

அக்கா தங்கையை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தட்டினாள்.

முதலில் இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை. அக்கா தட்டுவதற்கு ஒரு நூல் முன்னாலேயே தங்கையின் விரல் பட்டனுக்குப் போய்விடும். பழக்கதோஷம். மூன்றாவது கோட்டில் அக்கா அந்த விரலைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினாள். அதற்குப் பிறகு விரல் காத்திருக்கக் கற்றது. பத்தாவது கோடு, இருபதாவது கோடு. மணி ஒன்பது பன்னிரண்டு. கோடுகள் ஒரு இடத்தில் நெருங்கி நின்றன, ஒரு இடத்தில் விலகி நின்றன. டிக் ஓசை நடந்தது, தயங்கியது, துள்ளியது. நாற்பதாவது கோடு. மணி ஒன்பது முப்பத்தைந்து. கீழே டயர் கடையில் காற்று அடிக்கிற சத்தம் வந்தபோது கடிகாரம் பல்லைக் கடித்துக்கொண்டு காதுக்கருவியை இன்னும் இறுக்கினாள்.

ஐம்பத்திரண்டாவது வட்டத்தில் அக்காவின் கை மேஜைக்கு மேலே அந்தரத்தில் நின்றுவிட்டது.

அதுதான் மூன்றாவது சரணத்துக்கு முந்தின இடம். குரல் அடங்கிவிட்டது. திரையில் மலை இல்லை, வெறும் தரை. கை இறங்கவில்லை. பிறகு மெல்லிசாக ஒரு மூச்சு உள்ளே இழுக்கும் சத்தம், அதன் பின்னாலேயே அடுத்த வரி. அப்போதுதான் கை இறங்கியது.

"இங்க எத்தனை எண்ணினே?" என்றாள் தங்கை. "மூணா? மூணரையா?"

அக்கா தலையை ஆட்டினாள். எண்ணவில்லை.

"எண்ணாம எப்படிக்கா நின்னே? எதை வச்சு மறுபடி எடுத்தே?"

அக்கா பலகையை எடுத்தாள். நீ குனிஞ்சு டைரில ஏதோ எழுதிட்டிருந்தே. நிமிர்ந்து பாக்கட்டும்னு நின்னேன். பாத்தே. பாடினேன்.

கடிகாரம் அதை இரண்டு தடவை படித்தாள். ஆமாம். அக்கா பாடிய அன்றைக்குக் காலையில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே தேதியை எழுதக் குனிந்தாள். சத்தம் நின்றதும் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு எந்தக் கணக்கில் கோடு போடுவது? அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, மூச்சு முடிந்த இடத்தில் புதுக் கோடு ஒன்றைப் போட்டாள். கண் கலங்கித் திரை மங்கியது. துடைக்க நேரமில்லை. "தட்டுக்கா" என்றாள்.

எழுபத்து மூன்றாவது கோடு நின்றபோது படிக்கட்டில் வயலின் பெட்டிகள் இடிபடும் சத்தம் கேட்டது.

கூடத்தில் ஆறு பேரும் உட்கார்ந்து, காதுக்கருவி மாட்டி, ஒரு தடவை முழுப் பாட்டையும் கேட்டார்கள். தலைமை வயலின் அம்மாள் வில்லை இறுக்கினார். தபேலாக்காரர்தான் பேசினார். பெரிய தொப்பை, சின்னக் குரல்.

"டிக் நல்லாத்தான் போகுது. குடிச்சவன் நடை மாதிரி இருக்கு, ஆனா விழ மாட்டான். ஒரு சந்தேகம். அந்தப் பெரிய நிறுத்தத்துல டிக் அடிக்குமா?"

"ரெண்டு டிக் கொடுக்கலாம்னு இருந்தேன், நீங்க ஒண்ணா சேந்து எடுக்க."

"வேண்டாம்மா. அங்க எல்லாரும் சும்மா இருக்கோம். காதுல அடிக்கிற டிக் வெளிய கசிஞ்சு மைக்குல விழும். அவ்வளவு அமைதியான இடத்துல பல்லி கத்தின மாதிரி கேக்கும்."

"அப்ப எப்படி சேருவீங்க?"

"யாராவது முன்னாடி நின்னு கை காட்டுங்க."

எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். போட்டி அன்றைக்கும் இப்படி ஒரு நிறுத்தத்தில்தானே அவள் கையைத் தூக்கினாள்.

கம்ப்யூட்டர் நாற்காலியில் ஸ்டுடியோக்காரர் உட்கார்ந்தார், அவர் பக்கத்தில் அக்கா. கடிகாரம் கூடத்துக்குள் வந்து ஆறு பேருக்கு முன்னால் நின்றாள். முன்பாதியைப் பகுதி பகுதியாகப் பதிந்து முடிக்கப் பன்னிரண்டு அடித்துவிட்டது. பிறகு அந்த நிறுத்தத்திலிருந்து கடைசி வரை.

முதல் தடவை. குரல் அடங்கியது, டிக் அடங்கியது. அவள் மனசுக்குள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. கையை இறக்கினாள். வயலின்கள் எழும்பின, அதற்குப் பின்னால்தான் அக்காவின் குரல் வந்தது. ஒரு மயிரிழை முந்திவிட்டது. கேட்கச் சகிக்கவில்லை.

இரண்டாம் தடவை முந்திவிடுவோமோ என்று பயந்து பிந்தினாள். மூன்றாம் தடவை மறுபடி முந்தினாள். நாலாம் தடவை நடுவில் ஒரு வயலின் தந்தி அறுந்தது. புதுத் தந்தி மாட்டிச் சுருதி சேர்க்கக் கால் மணி நேரம் போயிற்று. மணி பன்னிரண்டு நாற்பத்தெட்டு. வெளியே அடுத்த ஆட்கள் வந்து செருப்பைக் கழற்றும் சத்தம்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஸ்டுடியோக்காரர் குரல் வந்தது. "இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் நேரம் இருக்கு. சரியா வரலைன்னா விட்டுடலாம்மா. வயலினை அப்புறம் கம்ப்யூட்டர்ல இழுத்து ஒட்ட வச்சுக்கலாமே."

"இழுத்ததாலதான்ணே காலைல இந்தக் கூத்து" என்றாள். "இழுக்கற பேச்சே வேண்டாம்."

நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். அக்கா பலகையைக் கண்ணாடியோடு அழுத்திப் பிடித்திருந்தாள்.

எண்ணாத. மூச்சைக் கேளு.

கடிகாரம் ஆறு பேரிடமும் திரும்பினாள். "நான் எண்ணிக் கை காட்டப் போறதில்ல. எப்ப இறக்குவேன்னு எனக்கே தெரியாது. உங்க காதுலயும் அவ மூச்சு கேக்கும். கேட்டதும் நீங்களும் மூச்சை இழுங்க. எல்லாரும் அவகூடவே வருவோம்."

தலைமை வயலின் அம்மாள் முதல் தடவையாகச் சிரித்தார். "அதை காலைலயே சொல்லியிருக்கலாமே."

ஓடவிட்டார்கள். ஐம்பதாவது வட்டம், ஐம்பத்தொன்று. குரல் மெலிந்து, இழைந்து, நின்றது. டிக் நின்றது. வில்கள் தந்திக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் நின்றன. கடிகாரம் கையைத் தூக்கியபடி நின்றாள். உள்ளே வழக்கம்போல ஒன்று என்று கிளம்பியது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். எண்ணிக்கை போய்விட்ட இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. இவ்வளவு நேரமா? இன்னுமா? அக்கா மறந்துவிட்டாளா? முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அவளைத் தட்டவைத்த அதே பதற்றம் தோள்பட்டையிலிருந்து இறங்கி உள்ளங்கை வரைக்கும் வந்தது. கையை அசைக்கவில்லை. அக்கா எடுப்பாள். அவள் எடுக்கும்போது எடுக்கட்டும்.

மூச்சு கேட்டது.

அவளும் இழுத்தாள். ஆறு பேரும் இழுத்தார்கள். கை எப்போது இறங்கியது என்று அவளுக்குத் தெரியாது. அக்காவின் குரலும் ஐந்து வயலினும் தபேலாவும் ஒரே வாயிலிருந்து வந்த மாதிரி வந்தன.

கடைசி வரை யாரும் பிசகவில்லை. தபேலாக்காரர் கடைசி அடியை அடித்துவிட்டு, ஓசை அடங்கும்வரை தொப்பைகூட அசையாமல் உட்கார்ந்திருந்தார். மணி பன்னிரண்டு ஐம்பத்தாறு.

கண்ணாடி அறைக்குள் வந்தபோது அத்தான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். "லிஃப்ட் பத்தி சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார். ஸ்டுடியோக்காரர் எழுந்து அவள் நாற்காலியை அவளுக்கே விட்டார்.

அக்கா பலகையில் எழுதி நீட்டினாள். அன்னைக்கும் இப்படிச் சும்மா நின்னிருக்கலாம்.

"அன்னைக்கு எனக்குப் பதினோரு வயசுக்கா" என்றாள் தங்கை. "உனக்குத் தாளம் விட்டுப்போச்சுன்னு நினைச்சேன். எடுத்துக் கொடுக்கணும்னுதான் தட்டினேன். உன்னை அசிங்கப்படுத்தன்னு தட்டல."

அக்கா பலகையைத் துடைத்தாள். பிறகு எழுதினாள். அப்பவே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?

"நீ கேக்கலையே!"

"இந்தக் குடும்பத்துக்கு லிஃப்ட்டே தேவலாம்" என்றார் அத்தான். "நடுவுல நின்னாலும் அரை மணி நேரத்துல நகர்ந்துடும்."

அக்காவின் தோள்கள் குலுங்கின. சத்தம் இல்லை, ஆனால் அது சிரிப்புத்தான். அத்தான் பதறிப்போய், "ஏய், சிரிக்காத, சிரிக்காத, டாக்டர் என்னைத்தான் திட்டுவார்" என்று கையைக் கையை ஆட்டினார். அதைப் பார்த்து அவள் இன்னும் குலுங்கினாள்.

கடிகாரம் பட்டன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாள். சரியான பக்கத்தில்தான் இருந்தது. பிறகு நீளத்தைப் பார்த்தாள். நாலு நிமிஷம் பதினொன்று. டைரியை எடுத்து, பதிவு அன்றைக்கு எழுதியிருந்ததற்கு நேராகப் பென்சிலால் ஒரு டிக் போட்டாள். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். ஒரு தட்டு, இரண்டு தட்டு. அவள் அவசரப்படாமல் எழுந்து போய்த் திறந்தாள்.